வீட்டு சர்வருக்கு டொமைன்: பெயருக்கு முன்னால் விலாசம்

குடியாத்தத்தில் என் மாமாவுக்கு லுங்கி வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. டிசைன் படங்களை ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அலுத்துப்போனவர், மாடியில் கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தானே ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ள முடிவெடுத்தார். முதல் வேலையாக டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான பெயர், வாங்கிவிட்டார். நாலாம் நாள் போன். “இன்னா மாப்ள, பேரு வாங்கி நாலு நாளு ஆவுது, வெளியூர்ல ஒருத்தனுக்கும் வரலன்றானுங்க?”

பிள்ளை பெறுமுன் பெயர் வைத்த கதைதான் இது. வீட்டிலிருந்து வெப்சைட் நடத்துபவர்கள் செய்கிற முதல் தவறும், மற்ற பாதித் தவறுகளுக்குத் தாய்த் தவறும் இதுவே.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். அந்த வரிசையில் இப்போது ‘விலாசம் இல்லாத வீடு’ என்று சேர்த்துக்கொள்ளலாம். இணையத்தில் விலாசமாக இருக்கும் ஐபிவி4 எண்கள் உலக அளவில் 2011-லேயே தீர்ந்துவிட்டதால், பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு ஓட்டுகின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். வெளியே போவதற்கு இது போதும், யூடியூப் ஓடும். வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வர வழியே கிடையாது.

கண்டுபிடிப்பது சுலபம். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து ‘வேன் ஐபி’ (WAN IP, வெளிப்பக்க எண்) என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் தளம் எதிலாவது காட்டுகிற எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. வேறாக இருந்து, ரௌட்டரில் உள்ளது 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், ஐயமே வேண்டாம், சிஜிநாட். அந்த எண்களை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். சில இடங்களில் 10 என்று தொடங்கும் எண்ணும் வரும். மாமா வீட்டில் நூறில்தான் தொடங்கியது. வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை நாலு நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார், பாவம்.

இதற்கு மூன்று வழி. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத பொது எண், கேட்பது. டனல் சேவை ஒன்றை வைத்து, லேப்டாப்பே வெளியே போய் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்வது. அல்லது பங்கிட வேண்டிய அவசியமில்லாத புது வகை எண்ணான ஐபிவி6. மாமா முதல் வழியைப் பிடித்தார். டொமைன் வாங்குவதற்கு முன்பே கேபிள்காரரிடம் கேட்டிருந்தால் நாலு நாள் மிச்சம்.

விலாசம் வந்த பிறகு அடுத்தது. பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டில் மாமா எழுதி வைத்திருந்த எண் 192.168.1.10. அது வீட்டுக்குள் லேப்டாப்புக்கு ரௌட்டர் கொடுத்த எண். அவருடைய போனில் அருமையாகத் திறந்தது, ஏனென்றால் போன் வீட்டு வைஃபையில் இருந்தது. ஆம்பூரில் இருப்பவர் திறந்தால், அவர் வீட்டிலேயே அந்த எண்ணுள்ள ஏதோ ஒன்றைத் தேடிப் போகும். எதைச் சோதித்தாலும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. எண் சரியாக இருந்து, ஊரெல்லாம் திறந்து, வீட்டுக்குள் மட்டும் திறக்காது. உள்ளிருந்து தன் வெளி விலாசத்துக்கே திரும்பி வரும் போக்குவரத்தைச் சில ரௌட்டர்கள் கையாளாது. அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் போய்ப் பிரித்துப் போடாதீர்கள்.

காட்பாடியில் என் வீட்டில் ஸ்டாடிக் ஐபி கிடையாது, பொது எண்தான், ஆனால் மாறும். கரண்ட் போய் வந்தால் புது எண். இதற்கு டைனமிக் டிஎன்எஸ் (டிஎன்எஸ் என்பது பெயருக்கு எண் சொல்லும் ஏற்பாடு) நிரல் ஒன்றை சர்வரில் ஓடவிட வேண்டும், எண் மாறியதும் அதுவே ரெக்கார்டைத் திருத்திவிடும். இங்கே நான் விழுந்த குழி டிடிஎல், அதாவது ஒரு ரெக்கார்டை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு. ஒரு நாள் என்று, அதாவது 86400 நொடி என்று இருந்ததை அப்படியே விட்டிருந்தேன். நிரல் உடனே திருத்தினாலும் உலகம் பழைய எண்ணையே மறுநாள் வரை நினைவில் வைத்திருந்தது. 300 என்று வையுங்கள். இன்னொன்று: ரெக்கார்டு போடுவதற்கு முன்பே ஆர்வக்கோளாறில் பெயரைத் திறந்து பார்த்தால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலும் கொஞ்ச நேரத்துக்குச் சேமிக்கப்பட்டுவிடும். பிறகு ரெக்கார்டு சரியாக இருந்தும் வராது. பொறுமைதான் மருந்து.

டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒரு பெயர் தந்தால், அதை உங்கள் டொமைனின் மொட்டைப் பெயரிலேயே (முன்னால் எதுவும் சேராத பெயர்) சி-நேமாக, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் ரெக்கார்டாக, போட முடியாது. அந்த இடத்தில் நேம்சர்வர் (உங்கள் ரெக்கார்டுகளை வைத்துப் பதில் சொல்லும் சர்வர்) ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்க வேண்டும், சி-நேமோ வேறு எதோடும் சேர்ந்து இருக்காது. முன்னால் மூன்று ‘டபிள்யூ’ உள்ள பெயருக்குப் போடுங்கள். ரெக்கார்டை எங்கே திருத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நேம்சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, டொமைன் வாங்கிய இடத்தில் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் விடியவே விடியாது.

ஐபிவி6-க்கான குவாட்-ஏ (AAAA) ரெக்கார்டு போட்டால் அது சர்வரின் சொந்த எண்ணாக இருக்க வேண்டும், ரௌட்டருடையது அல்ல. ரௌட்டரின் ஃபயர்வாலும் (தடுப்புச் சுவர்) அதற்கு வழிவிட வேண்டும். பழைய எண் அங்கே கிடந்தால், சில போன்களில் தடுமாறும், சிலவற்றில் திறக்கும். எங்கே கோளாறு என்று தேடித் தேடித் தலை காய்ந்துவிடும்.

பிரவுசர் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லாமல் இருக்கச் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. வழக்கமான முறையில் அது உங்கள் சர்வரின் 80-ஆம் போர்ட்டில் (இணைப்பு வரும் வாசல்) வந்து பார்க்கும், 443-ஐ மட்டும் திறந்தால் போதாது. 80 அடைபட்ட இணைப்பு என்றால் டிஎன்எஸ் வழிச் சோதனை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப முயலாதீர்கள்: ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் கதவு சாத்திவிடுவார்கள். சோதனைக்கென்று தனி சர்வர் வைத்திருக்கிறார்கள், முதலில் அதில் பாருங்கள். சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. மாமா ‘கேமரா’ என்று ஒரு துணைப்பெயருக்கும் சேர்த்து வாங்கியிருந்தார். கடைக்கு எந்தப் பக்கம் ஜன்னல் என்று ஊருக்கே போர்டு எழுதி வைத்த மாதிரி.

டொமைன் கணக்கை உங்கள் கையில் வையுங்கள். டிசைன் செய்து கொடுத்த பையன் தன் மின்னஞ்சலில் வாங்கிக் கொடுத்து, பிறகு பெங்களூரு போய்விட்டால் பெயரும் அவனோடு போகும். அந்தக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் நினைவூட்டும் கடிதமும் வராது. டாட் காம் வாங்கியவர்கள் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் கடிதத்தை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் பெயரை நிறுத்தி வைப்பார்கள். அது பெரும்பாலும் ஸ்பாமில்தான் கிடக்கும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையையும் பார்த்துவிடுங்கள். மெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு ஐபியிலிருந்து போகிற கடிதத்தைப் பெரும்பாலானோர் ஏற்பதில்லை.

கடைசியாக கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு அன்று லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் படுத்துவிடும். அவற்றுக்கென்றே வருகிற சின்ன யுபிஎஸ் போதும். மாமா லேப்டாப்பை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்திருந்தார். கத்திரி வெயிலில் பேட்டரி உப்பிக்கொண்டது. இப்போது அது கடைக்குள், கல்லாவுக்குக் கீழே.