மனசு சரியில்லாத நாளில் மைசூர்பாகு: எங்கே சொதப்புகிறது?

வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை, ஆபீசில் வேலை நிலைக்குமா என்றும் தெரியவில்லை. சாப்பாட்டுப் பிரியர்கள் நெய் டப்பாவைத் திறப்பது இப்படிப்பட்ட நாளில்தான். திறக்கட்டும். ஆனால் அன்று கை தாராளமாகிவிடும், கவனம் சிதறிவிடும். மைசூர்பாகு இரண்டையும் மன்னிக்காது.

அளவில்தான் முதல் சறுக்கல். 200 மி.லி. கப்பில் அரை கப் கடலைமாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் நெய் போதும். 12 துண்டு வரும். துண்டுக்கு ஏறத்தாழ 200 கலோரி என்பதால் இதற்கு மேல் கிளற வேண்டாம். அதற்காக நெய்யை மட்டும் குறைத்தால் கல்லாகிவிடும். சம்பளம் வராத மாதமா? நெய்யில் பாதிக்கு ரீஃபைண்ட் எண்ணெய் சேருங்கள். வாசனை குறையும், பதம் கெடாது.

அடுத்த எதிரி செல்போன். மாவைச் சலித்து, கால் கப் சூடான நெய்யில் கட்டியில்லாமல் கரைத்துவைத்த பிறகே பாகு வையுங்கள். சர்க்கரைக்குக் கால் கப் தண்ணீர். விரலில் தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி நிற்கும். அந்த நொடியே மாவு உள்ளே போக வேண்டும். அதன்பின் பத்து நிமிஷத்துக்கு யார் கூப்பிட்டாலும், மேனேஜரே ஆனாலும், எடுக்காதீர்கள். கோபம் இருந்தால் நல்லது, கிளற உதவும்.

பலரும் கோட்டைவிடுவது நெய்ச் சூட்டில். மீதி நெய் பக்கத்து அடுப்பில் சிறுதீயில் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டி விடும்போதும் 'சொய்'யென்று நுரைத்துப் பொங்கும். அந்தப் பொங்கலில்தான் கண்ணறைகள் விழுகின்றன. ஆறிய நெய் நுரைக்காது, துண்டு அடைத்துப்போகும்.

கலவை வாணலியை விட்டு விலகி, ஓரத்தில் நெய் கக்கும்போதே இறக்குங்கள். முந்தினால் அல்வா, 'இன்னும் ஒரு நிமிஷம்' என்றால் பொடி. நெய் தடவிய தட்டில் கொட்டியதும் மேலே அழுத்தாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் கத்தியால் கோடு போடுங்கள். முழுக்க ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். சூட்டோடு மூடியும் வைக்காதீர்கள், வியர்த்து நமுத்துவிடும்.

பொடியாகிப் போனதைக் கொட்ட வேண்டாம். இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, சிறுதீயில் ஒரு புரட்டு புரட்டி, கை பொறுக்கும் சூட்டில் லட்டாகப் பிடிக்கலாம். பால் சேர்ந்திருப்பதால் அன்றே தீர்த்துவிடுங்கள்.