மைன்கிராஃப்ட்: கீபோர்டு, மவுஸ், கன்ட்ரோலர் – எதை முதலில் பழகுவது?

பிளாக் என்னும் கட்டிகளை உடைத்தும் அடுக்கியும் ஆடும் விளையாட்டான மைன்கிராஃப்டில் கன்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறந்தால் வரி வரியாக நீளும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஆறேழு கீயும் மவுஸின் இரண்டு பொத்தான்களும் விரலில் படிந்துவிட்டால் போதும், மற்றவை தேவை வரும்போது வந்து சேரும். ஆனால் எதை முதலில் பழகுவது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நடக்கவும் குதிக்கவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். பலரும் தள்ளிப்போடுவது ஷிஃப்ட் கீயையும், இன்வென்டரிக்குள் (பொருள்களை வைத்திருக்கும் பை) மவுஸைக் கையாளும் விதத்தையும்தான். ஆட்டத்தில் உயிரும் நேரமும் போவது இந்த இரண்டு இடங்களில்தான்.

இங்கே சொல்வது கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பின் இயல்பான அமைப்பு. கன்சோல், மொபைல், விண்டோஸ் ஆகியவற்றில் ஓடும் மற்றொரு பதிப்பான பெட்ராக்கில் மாறுபடும் முக்கியமான இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம்.

படி 1: பயிற்சிக்கு ஓர் உலகம்

சிங்கிள்பிளேயர், பிறகு கிரியேட் நியூ வேர்ல்டு. கேம் மோடில் கிரியேட்டிவ் என்று வையுங்கள். வேர்ல்டு என்ற தாவலுக்குப் போய் வேர்ல்டு டைப்பை சூப்பர்ஃபிளாட் ஆக்குங்கள். மேடு பள்ளம் இல்லாத புல்தரை கிடைக்கும். கிரியேட்டிவில் அடிபடாது, பசிக்காது, பொருள் தீராது. உண்மையான ஆட்டத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், எஃப்3-ஐ அழுத்திப் பிடித்தபடி எஃப்4-ஐத் தட்டி, அடியும் பசியும் உள்ள சர்வைவலுக்கு மாறிக்கொள்ளலாம். இதற்கு உலகை உருவாக்கும்போது அலவ் கமாண்ட்ஸ் ஆனில் இருந்திருக்க வேண்டும். கிரியேட்டிவில் உருவாக்கினால் அது தானாகவே ஆனில் இருக்கும்.

படி 2: நடை, ஓட்டம், குதி

இடது கையின் நடுவிரல் டபிள்யூ மேலும், மோதிரவிரல் ஏ மேலும், ஆள்காட்டி விரல் டி மேலும் இருக்கட்டும். பின்னால் வர நடுவிரலை எஸ்ஸுக்கு இறக்குங்கள். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில், சுண்டுவிரல் இடது ஷிஃப்டில். திரும்புவது மவுஸின் வேலை. ஏ, டி இரண்டும் பக்கவாட்டில் நகர மட்டுமே. புதியவர்கள் ஏ-யை அழுத்தித் திரும்பப் பார்ப்பார்கள், அதனால்தான் சுவரில் போய் முட்டுகிறார்கள்.

ஓடுவதற்கு டபிள்யூவை இருமுறை சட்டென்று தட்டலாம், அல்லது டபிள்யூவுடன் இடது கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தலாம். நடையில் நொடிக்கு ஏறத்தாழ 4.3 பிளாக், ஓட்டத்தில் 5.6 பிளாக். ஓட்டம் வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டைத் திட்டுவதற்கு முன் பசிப்பட்டையைப் பாருங்கள். மூன்று இறைச்சித்துண்டு அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டால் ஓட முடியாது.

குதியின் உயரம் ஒன்றேகால் பிளாக். ஒரு பிளாக் ஏறலாம், வேலியை ஏற முடியாது. கிரியேட்டிவில் ஸ்பேஸை இருமுறை தட்டினால் பறக்கலாம். பறக்கும்போது ஸ்பேஸ் மேலே, ஷிஃப்ட் கீழே. மறுபடி இருமுறை தட்டினால் பறத்தல் நிற்கும்.

படி 3: ஷிஃப்ட்

இதை அழுத்திப் பிடித்தால் உங்கள் ஆள் குனிந்து மெல்ல நகர்வான். ஆட்டக்காரர்கள் ஸ்னீக் என்பார்கள். வேகம் நடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு ஈடாகக் கிடைப்பது, ஷிஃப்டை விடாதவரை பிளாக்கின் விளிம்பிலிருந்து விழவே மாட்டீர்கள்.

பயிற்சி: ஸ்பேஸையும் வலது பொத்தானையும் அழுத்திப் பிடித்து, நேர் கீழே பார்த்தபடி ஐந்து பிளாக் உயரத்துக்குத் தூண் எழுப்புங்கள். ஒவ்வொரு குதியிலும் காலடியில் ஒரு பிளாக் விழும். மேலே நின்று ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு, எஸ்ஸை அழுத்திப் பின்னால் நகருங்கள். விளிம்புக்கு வெளியே உடல் சற்று நீண்டதும், நிற்கும் பிளாக்கின் பக்கச்சுவர் கண்ணில் படும். திரை நடுவில் தெரியும் குறியை அதன்மேல் வைத்து வலது கிளிக். புதிய பிளாக் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பின்னால் நகர்ந்து அடுத்தது. இப்படிப் பத்துப் பிளாக் பாலம் போட்டுப் பாருங்கள். அது வந்தபின் சர்வைவலுக்கு மாறி அதே பாலம். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஓர் இதயம் போகும். விழும் உயரத்தில் முதல் மூன்று பிளாக்கைக் கழித்து, மீதி ஒவ்வொன்றுக்கும் அரை இதயம் என்பதுதான் கணக்கு. ஆட்டத்தின் நெருப்பு உலகமான நெதரில் லாவாவுக்கு மேல் பாலம் போடும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. விழுந்தால் பையில் இருப்பதும் சேர்ந்து எரிந்துபோகும்.

ஷிஃப்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெட்டி, ஃபர்னஸ், கிராஃப்டிங் டேபிள் இவற்றின்மேல் வலது கிளிக் செய்தால் அவை திறந்துகொள்ளும், பிளாக் வைக்க முடியாது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் திறக்காமல் பிளாக் உட்காரும். ஏணியில் ஷிஃப்டைப் பிடித்தால் சறுக்காமல் அப்படியே நிற்கலாம். குதிரையிலிருந்தும் படகிலிருந்தும் இறங்குவதும் இதே கீயில்தான்.

விண்டோஸில் ஒரு தொல்லை: ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்விப்பெட்டி ஆட்டத்தின் குறுக்கே வந்து நிற்கும். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் ஸ்டிக்கி கீஸின் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். தமிழ்த் தட்டச்சுக்காக ஒன்றுக்கு மேற்பட்ட கீபோர்டு அமைப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸில் கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் கீபோர்டு அமைப்பு மாறக்கூடும். ஓடிக்கொண்டே குனிந்தால் அழுத்துவது இந்த இரண்டையும்தான். பிறகு சாட்டில் கமாண்டு அடித்தால் தமிழ் எழுத்தாக விழும். கமாண்டுகள் ஆங்கில எழுத்தில் இருந்தால்தான் ஏற்கும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் மொழி மாற்றும் ஹாட் கீக்களை நீக்கிவிட்டு, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து மாற்றிக்கொள்வது நல்லது.

படி 4: மவுஸின் இரண்டு பொத்தான்கள்

இடது உடைக்கவும் அடிக்கவும். வலது வைக்கவும் பயன்படுத்தவும். உடைக்கும்போது தட்டித் தட்டி எடுக்காமல் விடாமல் பிடிக்க வேண்டும். பாதியில் விட்டாலோ குறி பக்கத்துப் பிளாக்குக்கு நழுவினாலோ விரிசல் மறைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். வலது பொத்தான் இதற்கு நேரெதிர். பிடித்தே இருந்தால் 0.2 நொடிக்கு ஒரு பிளாக் வைத்துக்கொண்டே போகும், ஒன்று வைக்கப் போய் மூன்று வைத்துவிடுவீர்கள். ஒன்றுதான் வேண்டுமென்றால் தட்டிவிட்டு எடுங்கள். சாப்பிட வலது பொத்தானை ஏறத்தாழ 1.6 நொடி பிடிக்க வேண்டும். அப்போது குறி பெட்டிமேல் இருந்தால் பெட்டி திறக்கும், பசி தீராது.

கிரியேட்டிவில் மவுஸ் சக்கரத்தை அழுத்தினால், பார்த்துக்கொண்டிருக்கும் பிளாக் அப்படியே கைக்கு வரும். கட்டடம் கட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி.

சண்டையில் ஜாவாவும் பெட்ராக்கும் பிரிகின்றன. ஜாவாவில் 1.9 எண் வெளியீடு முதல் ஒவ்வோர் அடிக்கும் இடைவெளி தேவை. வாளுக்கு ஏறத்தாழ 0.6 நொடி, கோடரிக்கு அதைவிட அதிகம். படபடவென்று கிளிக் செய்தால் அடி வலுவற்றுப் போகும். குறியின் கீழே தெரியும் சிறு பட்டை நிரம்பும்வரை பொறுத்து அடியுங்கள். குதித்துக் கீழே இறங்கும் கணத்தில் அடித்தால் சேதம் ஒன்றரை மடங்கு, ஆனால் அப்போது ஓட்டத்தில் இருக்கக்கூடாது. கேடயத்தைத் தூக்க ஜாவாவில் வலது பொத்தான், பெட்ராக்கில் ஸ்னீக். பெட்ராக்கில் அந்த அடி இடைவெளியும் கிடையாது.

படி 5: இன்வென்டரி

ஈ கீ திறக்கும், அதுவே மூடும். மொத்தம் 36 கட்டங்கள். கடைசி வரிசையின் ஒன்பதும் ஹாட்பார், ஆடும்போது திரையின் அடியில் தெரிவது. ஹாட்பாரில் தேர்ந்தெடுக்க 1 முதல் 9 வரையான எண்கள் அல்லது சக்கரம். சண்டை நேரத்தில் சக்கரத்தை நம்பாதீர்கள், ஒரு கட்டம் தாண்டிப் போய்விடும். வாள் 1, பிக்காக்ஸ் 2, சாப்பாடு 9 என்று ஏதாவது ஒரு வரிசையை முடிவு செய்து, எந்த உலகத்திலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிளிக்குகள். ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒரே வகைப் பொருள்கள்தான் அடுக்கு. இடது கிளிக் முழு அடுக்கையும் எடுக்கும், வலது கிளிக் பாதியை. கையில் அடுக்கு இருக்கும்போது வலது கிளிக் ஒன்றே ஒன்றை வைக்கும். ஷிஃப்டுடன் கிளிக் செய்தால் பொருள் பெட்டிக்கும் உங்கள் பைக்கும் இடையே நேராகத் தாவும். ஒரு பொருளின்மேல் மவுஸை வைத்து எண் கீயைத் தட்டினால் அந்த ஹாட்பார் கட்டத்துக்குப் போகும். கையில் எடுத்து இழுக்கவே தேவையில்லை.

இழுத்துப் பகிர்வது பலருக்குத் தெரியாது. கிராஃப்டிங் டேபிளில் பெட்டி செய்ய, நடுக்கட்டத்தை விட்டுச் சுற்றிலும் எட்டுப் பலகை வேண்டும். பலகை அடுக்கைக் கையில் எடுத்து, வலது பொத்தானைப் பிடித்தபடி எட்டுக் கட்டங்களின்மேலும் ஒரு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று விழும். இடது பொத்தானில் அதையே செய்தால் அடுக்கு சமமாகப் பிரியும்: 64 பலகை, எட்டுக் கட்டம், கட்டத்துக்கு 8. பிறகு விளைவுக் கட்டத்தில் ஷிஃப்ட் கிளிக் செய்தால் எட்டுப் பெட்டிகளும் ஒரே மூச்சில் வந்துவிடும். சிதறிக் கிடக்கும் ஒரே பொருளைச் சேர்க்க அதன்மேல் இருமுறை கிளிக்.

எஃப் கீ கையில் உள்ளதை மற்றொரு கைக்கு மாற்றும். சுரங்கத்தில் டார்ச்சை அந்தக் கையில் வைத்துவிட்டால், பிக்காக்ஸைக் கீழே வைக்காமலே வலது கிளிக்கில் டார்ச் நடலாம். மண்வெட்டிக்கு இது ஒத்துவராது. அதன் வலது கிளிக் புல்தரையைப் பாதையாக்கும். பெட்ராக்கில் டார்ச்சை அந்தக் கையில் வைக்கவே முடியாது.

கியூ பற்றி ஓர் எச்சரிக்கை. அது கையில் உள்ளதைக் கீழே போடும், கன்ட்ரோலுடன் சேர்த்தால் முழு அடுக்கையும். டபிள்யூவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஓடும் அவசரத்தில் விரல் படும், வைரப் பிக்காக்ஸ் லாவாவில் போய் விழும். கன்ட்ரோல்ஸில் இதை எட்டாத ஒரு கீக்கு மாற்றிவிடுவதே நல்லது. இரண்டு வேலைகளுக்கு ஒரே கீ விழுந்துவிட்டால் நிறம் மாற்றிக் காட்டும், அதைக் கவனிக்காமல் வெளியே வராதீர்கள்.

கை தவறிப் பட்டால்

திரையிலிருந்து ஹாட்பாரும் கையும் மறைந்துவிட்டதா? எஃப்1 பட்டிருக்கும், மறுபடி தட்டுங்கள். உங்கள் முதுகோ முகமோ தெரிகிறதா? எஃப்5-ஐ ஓரிரு முறை தட்டினால் பழைய பார்வை வரும். திரை நிறைய எண்கள் என்றால் எஃப்3. லேப்டாப்பில் இவை ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றினால் எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

லேப்டாப் டச்பேடில் ஆடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். டபிள்யூவைப் பிடித்திருக்கும்போது பார்வை திரும்பாது. தட்டச்சு செய்கிறீர்கள் என்று எண்ணி விண்டோஸ் டச்பேடை முடக்குகிறது. டச்பேடு செட்டிங்ஸில் உணர்திறனை மோஸ்ட் சென்சிட்டிவ் ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஆனாலும் சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், டச்பேடில் வலதும் இடதும் மாற்றி மாற்றிப் பிடிப்பது நடக்காத காரியம்.

குறி இலக்கைத் தாண்டித் தாண்டிப் போனால் மவுஸ் செட்டிங்ஸில் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். 100 சதவீதம் இயல்பு நிலை. பத்துப் பத்தாக இறக்கி, மணிக்கட்டின் ஒரே வீச்சில் பின்பக்கம் திரும்ப முடியும் இடத்தில் நிறுத்துங்கள். சுண்டுவிரல் வலித்தால் ஸ்னீக்கையும், ஓட்டமான ஸ்பிரின்டையும் ஹோல்டிலிருந்து டாகிளுக்கு மாற்றலாம். ஒருமுறை தட்டினால் ஆன், மறுமுறை ஆஃப். ஆனால் ஆனில் இருக்கிறதா என்று பார்க்காமல் விளிம்புக்குப் போகாதீர்கள்.

படி 6: கன்ட்ரோலர்

பெட்ராக் பதிப்பில் கன்ட்ரோலரைச் செருகினாலே போதும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் நடை, வலது ஸ்டிக் பார்வை, ஏ குதி. வலது டிரிக்கர் உடைக்க, இடது டிரிக்கர் வைக்க. மவுஸ் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், முதல் சில மணி நேரம் தப்பும் தவறுமாகத்தான் போகும். மேலே உள்ள இரண்டு பம்பர்களும் ஹாட்பாரை இடமும் வலமும் நகர்த்தும். ஒய் இன்வென்டரி, எக்ஸ் கிராஃப்டிங். பிளேஸ்டேஷனில் ஏ இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி, எக்ஸ் இடத்தில் சதுரம், ஒய் இடத்தில் முக்கோணம். இன்வென்டரிக்குள் ஏ முழு அடுக்கையும் எடுக்கும், எக்ஸ் பாதியை, ஒய் ஷிஃப்ட் கிளிக்கின் வேலையைச் செய்யும். எந்தப் பொத்தானுக்கு என்ன என்று திரையின் அடியில் எழுதியே இருக்கும்.

ஸ்டிக்கைத் தொடாதபோதும் பார்வை மெல்ல நகர்ந்தால் அது ஆட்டத்தின் பிழை அல்ல, ஸ்டிக் தேய்மானம். விண்டோஸில் ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் திறந்து, புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து காலிபரேட் செய்யுங்கள்.

ஜாவா பதிப்பில் கன்ட்ரோலர் ஆதரவு உள்ளே கிடையாது. கன்ட்ரோலிஃபை, கன்ட்ரோலபிள் போன்ற மோட் (ஆட்டத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்றைப் போட வேண்டும், அதை இயக்கும் மோட் லோடரும் வேண்டும். மோட், லோடர், ஆட்டம் மூன்றும் ஒரே பதிப்பு எண்ணுக்கானவையா என்று பதிவிறக்கும் முன் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஆட்டம் துவக்கத்திலேயே நின்றுவிடும். ஸ்டீம் என்ற கேம் செயலியின் ஸ்டீம் இன்புட் வசதி பின்னணியில் கன்ட்ரோலரைக் கீபோர்டாக மாற்றிக்கொண்டிருக்க, மோடும் சேர்ந்து ஓடினால் ஒரு பொத்தானுக்கு இரண்டு செயல் நடக்கும். குதித்தால் கூடவே வேறு ஏதோ நடக்கிறது என்றால் ஸ்டீமை முழுவதும் மூடிவிட்டு ஆட்டத்தை மறுபடி திறந்து பாருங்கள்.