ஓம் கணக்கு தப்பினால் ஆம்ப் போச்சு

மாங்காய் சீசனில் சந்தூர் பக்கமிருந்து ஒரு பொலேரோ வந்தது. "அண்ணா, ஒகேனக்கல் போயிட்டு வர்றப்ப பாட்டு பாதியிலேயே நின்னுடுச்சு. பத்து நிமிஷம் விட்டா திரும்பப் பாடுது" என்றார் தம்பி. பின்சீட்டைத் தூக்கினால், ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) சிவப்பு லைட். மேலே கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் சூடு.

இரண்டு சப்வூஃபர், அதாவது பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்; சுருக்கமாக சப். ஒவ்வொன்றிலும் இரண்டு காயில் (கம்பிச் சுருள்), காயிலுக்கு 4 ஓம். கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவுதான் ஓம். நாலு பிளஸ்ஸையும் ஒன்றாக முறுக்கி, நாலு மைனஸையும் ஒன்றாக முறுக்கியிருந்தார்கள். மொத்தம் 1 ஓம். ஆம்பின் அடியிலோ குறைந்தபட்சம் 2 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. ஓம் பாதியானால் ஆம்பிடம் இரண்டு மடங்கு கரண்ட் கேட்கும். தாங்காமல் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவு ஆம்பாக இருந்திருந்தால் புகைதான்.

இரண்டு 4 ஓமை பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 2, சீரியஸில் (ஒன்றின் மைனஸில் அடுத்ததன் பிளஸ்) போட்டால் 8. தெரிந்த கணக்குதான். ஆனால் டபுள் காயில் வந்ததும் கடைக்காரரே தடுமாறுகிறார். இந்த இரண்டு சப்பையும் சேர்த்து, நாலு காயிலுக்கும் ஒரே பவர் போகிற மாதிரி எப்படி மாட்டினாலும் 1, 4, 16 ஓம்தான் வரும், 2 வராது. ஒரு சப்பைக் கழற்றிவிட்டால் வரும், தம்பி சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு சப்பிலும் இரு காயிலையும் சீரியஸ் ஆக்கி, பிறகு இரண்டு சப்பையும் பேரலல் செய்து 4 ஓமில் விட்டேன். சத்தம் கொஞ்சம் குறைவு என்று முகம் சுளித்தார். ஆம்ப் நிற்கவில்லை.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். அது பழுது இல்லை. முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிரிட்ஜ். நானே ஒரு நாலு சேனல் (நாலு தனி அவுட்புட்) ஆம்பை எரித்தது இதில்தான். இரண்டு சேனலைச் சேர்த்து ஒரு சப்புக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொரு சேனலுக்கும் அந்த ஓமில் பாதிதான் தெரியும். 4 ஓம் சப் என்றால் சேனலுக்கு 2, பெரும்பாலான ஆம்ப் தாங்கும். நான் மாட்டியது 2 ஓம் சப். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் வண்டிக்குள் கருகல் வாடை.

பழைய பழக்கத்தில் வயர் மிச்சம் பிடிக்க ஸ்பீக்கர் மைனஸை வண்டி பாடியில் முறுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய செட்டில் மைனஸும் அவுட்புட்தான். பாடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) காலி.

பவர் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 500 வாட் ஆம்ப் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், அதே தடிமனில் கரண்ட் குறைவாகத்தான் தாங்கும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. எர்த்துக்கு, அதாவது ஆம்பின் மைனஸ் வயருக்கு, வண்டி பாடியின் பெயிண்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் போல்ட் போட வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் பேஸ் மட்டும் காணோமா? ஒரு டோர் ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஆம்ப் பக்கத்தில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அதில் சுவர்க் கடிகாரத்து பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் பட்ட வயர்தான் பிளஸ் என்றால் கோன் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் பகுதி) வெளியே தள்ளும். உள்ளே போனால் மாற்றி மாட்டுங்கள்.