பழைய விமானப் படங்களை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வீடுகளின் பழைய ஆல்பங்களில் விமானப் படங்கள் அடிக்கடி அகப்படுகின்றன. அவற்றை அடையாளம் காண முற்படுவோர் பெரும்பாலும் விமானத்தின் உருவத்தைப் பார்ப்பதற்கு முன்பே படத்தின் பின்புறம் எழுதியிருப்பதை நம்பிவிடுகிறார்கள். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது தொடர்பான படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். தாக்கிய ஜப்பானிய விமானம் எதுவானாலும் அதற்குச் 'சீரோ' என்ற ஜப்பானியப் போர் விமானத்தின் பெயரையே இடும் வழக்கம் இருக்கிறது. சீரோவின் சில்லுகள் பறக்கும்போது இறக்கைக்குள் மடங்கிவிடும். அன்று குண்டு வீசிய ஐச்சி டி3ஏ விமானத்தின் சில்லுகளோ, உறையிட்ட கால்களுடன் எப்போதும் வெளியே தெரியும். நகரைக் காக்க எழுந்தவை ஹரிக்கேன், ஃபுல்மார் என்ற பிரித்தானியப் போர் விமானங்கள் ஆகும். குதிரைப் பந்தயத் திடல்கூட அன்று ஓடுபாதையாகப் பயன்பட்டது. எனவே இன்னொரு பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிட்பயர் ஒன்றின் படத்தில் அந்த நாள் குறிக்கப்பட்டிருந்தால், அக்குறிப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஹரிக்கேனில் என்ஜினைக் குளிரவைக்கும் குளிரூட்டி வயிற்றின் நடுவில் தொங்கும், அதன் சில்லுகள் உள்நோக்கி மடங்கும். ஸ்பிட்பயரின் குளிரூட்டி இறக்கையின் அடியில் இருக்கும், சில்லுகள் வெளிநோக்கி மடங்கும்.

நீண்ட மூக்கைக் கண்டதும் போர் விமானம் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. 1951இல் உருவான றோயல் சிலோன் விமானப்படை பயன்படுத்திய போல்டன் போல் பாலியோல், ஸ்பிட்பயரைப் போலவே மெர்லின் என்ஜின் பொருத்தப்பட்ட பயிற்சி விமானம். இருவர் பக்கம் பக்கமாக அமர்வதால் அதன் விமானி அறை அகன்றிருக்கும். அந்த அகலத்தைக் கவனித்தால் குழப்பம் நீங்கிவிடும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சென்று பழைய விமானங்களைச் சுற்றிவந்து பார்ப்பவர்களுக்கு இத்தகைய அளவுகள் கண்ணில் பதிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பக்கவாட்டுப் படத்தில் என்ஜின்களை எண்ணுவதிலும் அவதானம் தேவை. இரண்டு என்ஜின் கொண்ட டவ் விமானமும் நான்கு என்ஜின் கொண்ட ஹெரன் விமானமும் ஒரே டி ஹவிலண்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள். அவற்றின் மூக்குகளும் ஒத்திருக்கும்; ஆகவே ஒரு பக்கம் மட்டும் தெரியும் படத்தில் ஒன்றை மற்றதாக எண்ணிவிடலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிப்பதே எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது. அக்காலத்தில் புழங்கிய பிலிம் வகைகளில் ஒன்றான ஓர்த்தோகுரோமாட்டிக் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிடக் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதியும். ஆகவே மஞ்சள் பூசிய பயிற்சி விமானம் கருநிறப் போர் விமானம்போலத் தோன்றலாம். பிரித்தானிய வட்டச் சின்னத்தின் வளையங்களும் இவ்வாறே இடம் மாறியவைபோலத் தெரியும்.

நெகட்டிவ் புரட்டி அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதை எழுத்துகள் காட்டிக்கொடுக்கும். எழுத்துகள் இல்லாதபோது கதவைப் பாருங்கள்: டகோட்டா என்ற இரட்டை என்ஜின் போக்குவரத்து விமானத்தின் இராணுவ வகையில் பெரிய சரக்குக் கதவு இடப்புறப் பின்பகுதியிலேயே இருக்கும்.

பதிவெழுத்துகளைக் கொண்டு விமானத்தின் வயதைக் கணிப்பதும் தவறு. இலங்கை விமானங்களின் பதிவு முதலில் வி.பி.-சி என்றும், பிறகு சி.வை. என்றும், அதன்பின் 4ஆர் என்றும் மாறியது. எயார் சிலோன் விமான நிறுவனம் 1947இல் டகோட்டாவுடன் சேவையைத் தொடங்கியது. அந்த டகோட்டா வகையோ 1930களின் வடிவமைப்பு. எனவே அவ்வெழுத்துகள் படம் எடுக்கப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, விமானம் கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லமாட்டா.