ஸ்டீம் டேபிள் பார்க்கும் முறை: முதலில் ஆண்டு, அப்புறம் அழுத்தம்

கடலூர் சிப்காட் பாய்லரோ நெய்வேலி டர்பைனோ, எதற்குக் கணக்குப் போட்டாலும், ஒவ்வொரு அழுத்தத்திலும் நீராவியின் வெப்பநிலையையும் வெப்ப அளவையும் தரும் அட்டவணையான ஸ்டீம் டேபிளின் முன்னுரையை முதலில் படியுங்கள். ஐஎஃப்சி-67 என்றிருந்தால் அதன் எண்கள் 1967-ன் சூத்திரத்தில் வந்தவை. ஐஏபிடபிள்யூஎஸ்-ஐஎஃப்97 என்றிருந்தால் 1997-ல் வந்து இன்றும் நடப்பில் இருக்கும் சூத்திரம். பாய்லர் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டர்பைன் ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பம்) உத்தரவாதத்தில் அப்படி விட முடியாது. ஒப்பந்தத்துக்கு ஒன்று, சோதனைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் தகராறு நிச்சயம்.

இந்தத் தகராறு பழையது. 1847-ல் பிரான்சின் ரெக்னோ நீராவியைத் துல்லியமாக அளந்து வெளியிட்டார். பிறகு நாட்டுக்கு நாடு அட்டவணைகள் வந்தன, எண்கள் ஒத்துப்போகவில்லை. லண்டன் (1929), பெர்லின் (1930), நியூயார்க் (1934) மாநாடுகள் பொது எண்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு விலகலாம் என்பதையும் வகுத்தன. கலோரி அட்டவணையை ஜூலுக்கு மாற்ற நாம் பெருக்கும் 4.1868-ஐ நிர்ணயித்ததும் இதே வரிசையில் வந்த 1956 லண்டன் மாநாடுதான்.

இனி அழுத்தம். கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளதை. அட்டவணை கேட்பது முழு அழுத்தத்தை. கேஜில் 10 கிலோ/ச.செ.மீ. என்றால் 0.981-ஆல் பெருக்கி 1.013 கூட்டுங்கள்: 10.82 பார். கடலூர் கடலோரம் என்பதால் 1.013 சரி, ஊட்டியில் அதைப் போடக்கூடாது.

அட்டவணையில் 10 பாருக்குக் கொதிநிலை 179.9 டிகிரி, 11 பாருக்கு 184.1. இடையில் 0.82 பங்கு எடுத்தால் 183.3 டிகிரி. என்தால்பியும் (ஒரு கிலோவில் உள்ள மொத்த வெப்பம்) அப்படியே: 2777-க்கும் 2781-க்கும் நடுவே 2780 கிலோஜூல். ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள் போகும் தண்ணீர்) 80 டிகிரியில் வந்தால் அதன் என்தால்பி 335-ஐக் கழியுங்கள். ஒரு கிலோ உலர் நீராவிக்கு (நீர்த்துளி கலக்காதது) ஆகத் தண்ணீர் வாங்கும் வெப்பம் 2445 கிலோஜூல்.

காற்றழுத்தத்தைக் கூட்ட மறந்தால் இங்கே 4 டிகிரிதான் பிசகும். கேஜில் 1 கிலோ மட்டும் காட்டும் லைனில் 120 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 99 என்று வரும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவே தப்பிவிடும்.

கேஜும் தெர்மாமீட்டரும் சரியாக இருந்தும் வெப்பநிலை அட்டவணையை விடக் குறைந்தால் லைனில் காற்று கலந்திருக்கிறது; காற்றை வெளியேற்றும் ஏர் வென்டைப் பாருங்கள். கூடினால் சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கு மேல் சூடேறிய நீராவி), அதற்குரிய பக்கத்துக்குப் போங்கள். சரியாகப் பொருந்தினால் மட்டும் உலர் நீராவி என்று முடிவு கட்டாதீர்கள். ஈர நீராவியும் அதே வெப்பநிலையில்தான் நிற்கும். உலர்தன்மையைக் கலோரிமீட்டர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும்.