பெரிய மரத்தைக் கவாத்து செய்வது எப்படி? வெட்டும் முறையும் மீளும் விதமும்

முதலில் அளவு. உயிருள்ள இலைப்பரப்பில் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. வயதான மரமென்றால் 10 சதவீதமே அதிகம். இன்னும் குறைத்தே ஆக வேண்டுமா? இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் செய்யுங்கள். இலை போனால் வேருக்கு இறங்கும் உணவும் போகும்.

1. புதுத் துளிர் விடுவதற்குச் சற்று முன்பு வெட்டுங்கள். இலை விரிந்துகொண்டிருக்கும்போது வேண்டாம். சேமித்த மாவுச்சத்தை மரம் அப்போதுதான் செலவழித்திருக்கும்.

2. காய்ந்த, நோய்பட்ட, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை எடுங்கள். பல மரங்களுக்கு இதுவே போதும்.

3. தடித்த கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு ஆழம் அறுங்கள். அதற்கு 5 செ.மீ. வெளியே, மேலிருந்து முழுதாக அறுங்கள். பாரம் இறங்கியதும் மிஞ்சிய கட்டையை எடுங்கள். அடிவெட்டு இல்லாவிட்டால், சாயும் கிளை அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும்.

கடைசி வெட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிளை சேருமிடத்தில் சற்றே புடைத்த, சுருக்கம் விழுந்த மேடு தெரியும், அதுதான் கழுத்து. வெட்டு அதன் வெளிவிளிம்பில் விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்துச் செதுக்கினால் அழுகலைத் தடுக்கும் திசுவே போய்விடும். நீளமாகக் கட்டை விட்டால் அது காய்ந்து மக்கி, அழுகலை உள்ளே இறக்கும். சரியான வெட்டைச் சுற்றி, நாளடைவில் முழு வளையமாகப் புதுத்திசு உருண்டு வரும். இரு பக்கமும் மட்டும் வந்து மேலும் கீழும் வராவிட்டால், வெட்டு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

தார், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள். மரம் அழுகிய பகுதியைத் தனக்குள்ளேயே சுவர் கட்டி ஒதுக்குகிறது. பூச்சு அதற்கு உதவாது, ஈரத்தைத்தான் பிடித்துவைக்கும்.

4. உயரத்தைக் குறைக்க உச்சியை மொட்டையடிக்காதீர்கள். வெட்டும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை வரை குறையுங்கள்.

ஏணியில் நின்று செயின்சா வேண்டவே வேண்டாம். மின்கம்பி அருகே என்றால் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

5. பிறகு கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்க அலங்கோலம்தான், ஆனால் முதல் ஆண்டு தொடாதீர்கள். இழந்த இலையை மரம் அப்படித்தான் ஈடுகட்டுகிறது. இந்தத் துளிர்கள் பட்டையை ஒட்டி மேலோட்டமாகவே பிடித்திருப்பதால், தடித்தபின் காற்றில் பிய்ந்து விழும். இரண்டாம் ஆண்டிலிருந்து சிறிது சிறிதாகக் கலைத்து, இடைவெளி விட்டு வலுவானவற்றை மட்டும் நிறுத்துங்கள். வறண்ட நாட்களில் ஆழமாக நீர் விட்டு, மரத்தைச் சுற்றி மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றை 5–10 செ.மீ. மூடாக்காகப் போடுங்கள், அது அடிமரத்தைத் தொடக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிப் போட்டால் நோஞ்சான் துளிர்தான் பெருகும்.