பழைய கல்குழிக்கு மேலே நிலம் இறங்குமா? முன்கூட்டிக் கணிக்கும் முறை

காங்கயம், கரூர் வட்டாரங்களில் தோட்டமோ மனையோ வாங்குவோர், வில்லங்கச் சான்றையும் கிணற்று நீரையும் பார்க்கும் அக்கறையில் பாதியையாவது, அந்த மண்ணுக்கடியில் முன்பு யாரேனும் கல் தோண்டினார்களா என்று விசாரிப்பதில் காட்ட வேண்டும். படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரில் (மரகதம் சேர்ந்த கல் இனம்) வகைக் கற்கள் எடுக்கப்பட்டன. பின்னாளிலும் இரத்தினக் கற்களைத் தேடிக் குழி வெட்டியவர்கள், கல் ஓடும் போக்கைப் பின்தொடர்ந்து பக்கவாட்டில் குடைந்து சென்றதுண்டு. கைவிடப்பட்ட அத்தகைய குடைவுகளுக்கு வரைபடம் கிடைப்பது அரிது என்பதால், ஊர்ப் பெரியவர்களின் நினைவே முதல் ஆவணம்.

நிலம் இறங்குவதில் இரண்டு வகைகள் உள்ளன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற நிலக்கரிப் பகுதிகளில் படுகையை முழுமையாக எடுத்துவிட்டால், மேலுள்ள அடுக்குகள் வளைந்து, நிலம் அகன்ற தாம்பாளத்தைப் போலத் தாழும். அங்கே எடுத்த தடிமனை ஒரு விகிதத்தால் பெருக்கினால் அதிகபட்ச இறக்கம் தெரியும்: 2 மீட்டர் தடிமனும் 0.6 விகிதமும் என்றால் 1.2 மீட்டர். மணல் நிரப்பியிருந்தால் இது வெகுவாகக் குறையும்.

நம் பகுதியின் கெட்டியான பாறைக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. இங்கே ஆழமில்லாத குடைவின் கூரை சிறிது சிறிதாக உதிர்ந்து, வெற்றிடம் மேல்நோக்கி ஏறி, ஒரு நாள் திடீரென்று குழியாகத் திறக்கிறது. ஆகவே இறக்கத்தின் அளவைவிட, வெற்றிடம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதே முக்கியம். உடைந்த பாறை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது 30 சதவீதம் உப்பும் என்று கொண்டால், 2 மீட்டர் உயரக் குடைவுக்கு மேலே 2 ÷ 0.3, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர் உதிர்ந்தபின் இடிபாடே வெற்றிடத்தை அடைத்துவிடும். உதிர்வு கூம்பு வடிவில் குறுகிச் சென்றால் அது மூன்று மடங்காகி, 20 மீட்டர் வரை எட்டும். எனவே இந்த 2 மீட்டர் குடைவுக்கு மேலுள்ள கூரையின் தடிமன் 7 மீட்டருக்குக் குறைவென்றால் அங்கே கட்டடம் கூடாது. 7 முதல் 20 வரை என்றால் ஆய்வு செய்யாமல் எதுவும் கட்டக் கூடாது.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கக்கூடியது தண்ணீர். ஐப்பசி மழையில் உள்ளே இறங்கும் நீர் இடிபாட்டைப் பக்கக் குடைவுகளுக்குள் அடித்துச் சென்றால், வெற்றிடம் அடைபடாமல் மேலும் ஏறும். செம்மண்ணும் சிதைந்த பாறையும் கனமாக மூடியுள்ள இடங்களில் இதைக் கூடுதல் ஆபத்தாகவே கொள்ள வேண்டும்.

குடைவில் தூண்கள் விடப்பட்டிருந்தால் அவற்றின் சுமையையும் பார்க்க வேண்டும். பரப்பில் முக்கால் பங்கு வெட்டியெடுக்கப்பட்டிருந்தால், மீதமுள்ள கால் பங்கு நான்கு மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் 1960-இல் தூண்கள் வரிசையாக நொறுங்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் ஆய்வாளர்கள் சலமோன், மன்ரோ ஆகியோர் நின்ற தூண்களையும் விழுந்த தூண்களையும் ஒப்பிட்டு, 1967-இல் தூண் வலிமைக்கான சூத்திரத்தை வெளியிட்டனர். வலிமை சுமையைப்போல் 1.6 மடங்கு இருக்க வேண்டும் என்பது அதன் வழியே நிலைபெற்ற அளவுகோல்.

இடத்தில் வெற்றிடத்தைத் தேடும்போது நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வை மட்டும் நம்பக் கூடாது. காற்று நிறைந்த குடைவும் கெட்டிப் பாறையும் ஒரேபோல் அதிக மின்தடையைக் காட்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்துச் சில இடங்களில் துளையிட்டு, ராடு சட்டென்று நழுவும் ஆழத்தைக் குறித்துக்கொள்வதே உறுதியான சான்று. துளையிடும்போதே மேற்பரப்பு உடையக்கூடும் என்பதால், வண்டியை நிறுத்தும் இடத்தை முன்னரே பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பின்னர் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக முளைகளை அடித்து, அசையாத பாறையிலுள்ள ஒரு குறியை ஆதாரமாகக் கொண்டு மாதந்தோறும் மட்டம் எடுக்க வேண்டும். வட்டமாகச் சுற்றிவரும் வெடிப்போ, காரணமின்றி வற்றும் கிணறோ தென்பட்டால், அடுத்த அளவீட்டுக்குக் காத்திராமல் ஆட்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்திவிட்டு வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.